இன்மை அறிக்கை

உக்காருங்க சார், இந்த சீட்டு காலியாத்தான் இருக்கு. கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, அந்த ஓரத்துல தகரம் பிஞ்சு நீட்டிக்கிட்டிருக்கும், வேட்டியக் கிழிச்சுரும். கருவேலம்பட்டிக்கா? அப்ப ரெண்டு மணி நேரம் ஆகும். விரைவுப் பேருந்துன்னு எழுதிப் போட்டிருக்கான், ஆனா கை காட்டுற ஆட்டுக்குட்டிக்குக்கூட நிப்பாட்டுவான். நான் மாசா மாசம் வர்றவன், எனக்குத் தெரியும்.

நானா? கருவேலம்பட்டி வட்டாரக் கல்வி அலுவலகத்துல உதவியாளர். பேரு ஆவுடையப்பன். ஒன்றியத்துல இருக்கிற அத்தனை அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் எங்க ஆபீஸ்தான் மேல. அறுபத்திரண்டு பள்ளி. அதிகாரிங்க வருவாங்க, போவாங்க. நான் இருபத்தெட்டு வருஷமா அதே நாற்காலி. பெருமைக்குச் சொல்லல, எங்க ஆபீஸுக்கு இதுவரைக்கும் ஒரு நினைவூட்டு வந்தது கிடையாது. நினைவூட்டுன்னா, மேல கேட்ட விவரத்த நேரத்துக்கு அனுப்பலைன்னா ‘இதுவரை பெறப்படவில்லை’ன்னு கண்டிச்சு ஒரு கடிதம் வரும். மத்த ஆபீஸ்ல வாரத்துக்கு நாலு வாங்கிக் கட்டிக்குவாங்க. எனக்கு வராது.

அந்தா, முன்னால மூணாவது சீட்டுல ஊதாச் சேலை தெரியுதா, அது என் வீட்டுக்காரி. சண்முகவடிவு. ஏன் சேந்து உக்காரலைன்னு பாக்குறீங்களா? நாங்க எப்பவும் இப்படித்தான். அவ முன்வாசல்ல ஏறுவா, நான் பின்வாசல்ல. ஊர்க்காரங்க வந்துபோற பஸ். சேந்து போனா எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேப்பாங்க. தனித்தனியாப் போனா, அவ தங்கச்சி வீட்டுக்குப் போறா, நான் ஆபீஸ் வேலையாப் போறேன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க.

உங்ககிட்ட சொல்லலாம், நீங்க வெளியூரு. மருந்துக் கம்பெனியா? இல்லையா, கிணத்து மோட்டாரா. ரொம்ப நல்லது. அவளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில வைத்தியம். மனசுக்கு. சொல்லிட்டேன் பாருங்க. இந்த வார்த்தைய வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. ஊர்ல தைராய்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தைராய்டு மரியாதையான வியாதி சார், அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.

அவ டீச்சரா இருந்தவ. சர்க்கார் டீச்சர் இல்ல. மேலத்தெரு தொடக்கப் பள்ளியில பெற்றோர் ஆசிரியர் கழகம் வெச்சுக்கிட்ட தற்காலிக டீச்சர். பதினோரு வருஷம் இருந்தா. பதினேழு பிள்ளைங்கதான் படிச்சாங்க. எங்களுக்குப் பிள்ளை இல்ல, அந்தப் பதினேழுதான் அவளுக்கு. பிள்ளை குறைவுன்னு அந்தப் பள்ளிக்கூடத்த மூடிப் பக்கத்துப் பள்ளியோட சேத்துட்டாங்க. அந்தப் பட்டியல் எங்க ஆபீஸ்லதான் டைப் ஆச்சு. நான்தான் அடிச்சேன். மேல இருந்து வந்த உத்தரவு, நான் என்ன செய்ய? அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லல. மறுநாள் பூட்டின கதவப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா. ஆபீஸ் ரகசியத்த வீட்டுல சொல்லக் கூடாதுல்ல.

அதுக்குப் பிறகு வீட்டோட இருந்தா. பேச்சு குறைஞ்சுச்சு. நான் நல்லதுன்னுதான் நெனச்சேன். சாயங்காலம் வந்தா வீடு அமைதியா இருக்கும், காபியக் குடிச்சுட்டுப் பேப்பர் படிக்கலாம். பக்கத்து வீட்டு மாடத்தியக்கா ஆரம்பத்துல வந்து உக்காரும், என்ன ஏதுன்னு கேக்கும். நான்தான், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்காருன்னு சொல்லி நிறுத்துனேன். வடிவுக்கு ஆளுங்க வந்தாப் பிடிக்காது. அவ சொல்லல, நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒருநாள் வர்றேன், அடுப்புல உலை வெறுந்தண்ணியாக் கொதிச்சு வத்திக்கிட்டிருக்கு. அரிசி போடல. அவ முன்னால உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருக்கா. சாப்பிட்டு மூணு நாளாச்சுன்னு அப்பத்தான் சொல்றா. அந்த மூணு நாளும் நான் சாப்பிட்டிருக்கேன் சார். அவதான் போட்டிருக்கா. அவ சாப்பிட்டாளான்னு பாக்கல. மார்ச் மாசம், எங்களுக்கு வேலை அதிகம்.

மாத்திரை ஆரம்பிச்சு நாலு மாசத்துல எந்திரிச்சுட்டா. அத நான் ஒத்துக்கணும். டாக்டரம்மா கெட்டிக்காரங்க. மாத்திரையும் விடக் கூடாது, மாசம் ஒரு தடவ வந்து உக்காந்து பேசவும் செய்யணும்னு சொல்லிட்டாங்க. நடுவுல ஒருக்கா நிறுத்திப் பாத்தோம், பழையபடி சுவத்தப் பாத்து உக்காந்துட்டா. அதனால விட முடியாது. ஆனா இந்த பஸ்ஸு இருக்குல்ல, இதுதான் அவளுக்கு எமன். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். மாத்திரை அசதியில ஏறின உடனே குமட்டும். தனியா உக்காந்து ஜன்னல் வழியா வாந்தி எடுப்பா. பின்னாலருந்து எனக்குத் தெரியும். எந்திரிச்சுப் போனா நாலு பேரு பாப்பாங்க. மோந்து பாத்தாக் குமட்டாதுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு எலுமிச்சம்பழம் சட்டைப் பையில கொண்டு வருவேன். கண்டக்டர்கிட்ட கொடுத்து விடலாம்னு நெனப்பேன். கொடுத்ததில்ல.

போன வருஷம் ஒரு சட்டம் போட்டாங்க, பேப்பர்ல பாத்திருப்பீங்க. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் ஊர்ல மனநல வைத்தியத்துக்கும் சேத்து நிதி ஒதுக்குற சட்டம். எந்த ஒன்றியத்துல தேவை இருக்கோ அந்த ஒன்றியத்துக்கு ஒரு ஆலோசகர் வருவாரு. மூணு நாள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் பிள்ளைங்ககிட்ட பேசணும், ரெண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல உக்காரணும். மாசம் ரெண்டு தடவ டாக்டர் வருவாங்க, மாத்திரையும் அங்கயே. சின்னப் பள்ளிக்கூடத்த மூடாம வெச்சிருக்கக் கூடுதல் டீச்சர் போடவும் அதே நிதிதான். எங்க வீட்டுலருந்து சுகாதார நிலையம் நடந்தா எட்டு நிமிஷம். வடிவு அந்தச் செய்தியக் கத்தரிச்சு காலண்டர் அட்டைக்குப் பின்னால சொருகி வெச்சிருந்தா.

தேவை இருக்கான்னு எப்படித் தெரியும்? படிவம் அனுப்பித்தான் கேப்பாங்க. கேட்டாங்க. ‘மிக அவசரம், இன்று மாலை நான்கு மணிக்குள்.’ பள்ளிவாரியா, எங்க ஆபீஸையும் சேத்து, ஆலோசனை தேவைப்படுற மாணவர் எத்தனை, பெற்றோர் எத்தனை, பணியாளரும் அவங்க குடும்பத்தாரும் எத்தனை. பேரு வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

இங்க ஒண்ணு உங்களுக்குப் புரியணும். எங்க துறையில எதக் கேட்டாலும் இன்மை அறிக்கை அனுப்புறதுதான் வழக்கம். இன்மைன்னா எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். பாம்பு நடமாட்டம் உண்டா? இன்மை. இடியிற மாதிரி சுவர் உண்டா? இன்மை. ஏன்னா, ஒண்ணுன்னு எழுதினாப் போச்சு. எந்த வகுப்பு, எப்பலருந்து, என்ன நடவடிக்கை எடுத்தீங்க, ஏன் முன்னமே சொல்லல, போட்டோ எங்கன்னு அந்த ஒண்ணுக்குப் பின்னால பத்துக் கடிதம் வரும். இன்மைன்னு எழுதினா அத்தோட முடிஞ்சது. தலைமை ஆசிரியருங்க எல்லாரும் எனக்குப் போன் போட்டு ‘என்ன சார் எழுத’ன்னுதான் கேப்பாங்க. இருக்கா இல்லையான்னு அவங்களும் பாக்குறதில்ல, நானும் கேக்குறதில்ல.

அறுபத்தோரு பள்ளி இன்மை. ஒரே ஒரு பள்ளி, வடக்கூர் நடுநிலைப் பள்ளி, மாணவர் நாலு, பெற்றோர் ரெண்டுன்னு எழுதி வந்துச்சு. தலைமை ஆசிரியை எஸ்தர் ராஜம். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. உடனே போனப் போட்டேன்.

‘டீச்சர், ஒன்றியம் பூரா இன்மை. உங்க பள்ளி மட்டும் தனியாத் தெரியும்.’

‘தெரியட்டும் சார். அதுக்குத்தானே கேட்டிருக்காங்க?’

‘நாளைக்கு உங்களத்தான் விசாரிப்பாங்க.’

‘எங்கிட்ட ஏழாப்புப் பிள்ளை ஒண்ணு எட்டு மாசமா வாயத் திறக்கல சார். நான் என்னன்னு எழுத?’

‘பேச்சு வரலைன்னா அது காது, மூக்கு, தொண்டையில வரும் டீச்சர். இந்தப் படிவத்துல வராது.’

சொல்லிட்டு, ‘சரிபார்த்து மீள அனுப்பவும்’னு படிவத்தத் திருப்பி விட்டேன். மூணரைக்கு இன்மைன்னு எழுதி வந்துச்சு. பேனாவ அழுத்தின அழுத்துல தாள் கிழிஞ்சிருந்துச்சு. நாலு மணிக்குக் கெடு, நான் மூணு அம்பதுக்கு அனுப்பிட்டேன். மாவட்டத்துலயே முதல் ஆபீஸ் நாங்கதான்.

அன்னைக்கு வீட்டுக்குப் போனா, வடிவு காபியக் கொண்டாந்து வெச்சுட்டு நிக்கிறா. நிக்க மாட்டா, வெச்சுட்டு உள்ள போயிருவா. நின்னா.

‘பள்ளிக்கூடத்துல எல்லாம் எண்ணிக்கை கேக்குறாங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கு. பணியாளர் குடும்பத்தாருக்கும் ஒரு கட்டம் இருக்காமே. உங்க ஆபீஸுக்கு என்ன போட்டீங்க?’

‘இன்மை.’

‘பேரு கேக்கலையே. ஒண்ணுன்னு போட்டா யாருக்குத் தெரியப் போகுது?’

‘ஆபீஸ்ல இருக்கிறது நாலே பேரு. ஒண்ணுன்னு போட்டா யாரு வீட்டுலன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான்.’

‘கண்டுபிடிச்சா?’

கேள்வியப் பாருங்க சார். கண்டுபிடிச்சாவாம். நான் பேப்பர விரிச்சேன். ‘அப்ப நான் எண்ணிக்கையில இல்ல’ன்னு சொன்னா. சண்டை இல்ல, அழுகை இல்ல, கத்திரிக்காய் வாங்கலைன்னு சொல்ற மாதிரி சொன்னா. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொன்னேன். நெசமாவே அப்படித்தான் சார். அவ பேரு வெளிய வரக் கூடாதுன்னு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.

தெக்கால இருக்கிற எடையன்குளம் ஒன்றியத்துல நூத்தி நாப்பதுன்னு எழுதி அனுப்பினான். நாங்க சிரிச்சோம். பைத்தியக்கார ஒன்றியம்னு எங்க ஆபீஸ்ல பேரே வெச்சோம். வெச்சது நான்தான். ஆறு மாசத்துல அவனுக்கு ஆலோசகர் வந்தாச்சு, டாக்டர் வந்தாச்சு, மூட இருந்த ரெண்டு பள்ளிக்கூடம் தப்பிச்சிருச்சு. அங்க போய்ப் பாக்கலாம்னா அந்த ஒன்றியத்து ஆளுங்களுக்கு மட்டும்னு விதி. எங்களுக்கு ‘தேவை எழவில்லை’ன்னு ஒரு கடிதம் வந்துச்சு. எனக்குக் குடியரசு தினத்தன்னைக்கு ஒரு நற்சான்றிதழ், விரைந்து அறிக்கை அளித்தமைக்கு. கண்ணாடி போட்டு டிவிக்கு மேல மாட்டியிருக்கேன். வடிவு வீடு பூராத் தூசி தட்டுவா, அத மட்டும் தட்ட மாட்டா.

ஆஸ்பத்திரி நடையில ஒரு வேடிக்கை இருக்கு சார். செவ்வாய்க்கிழமை மனநலப் பிரிவுப் பெஞ்சுல உக்காந்திருக்கிறதுல பாதிப் பேரு எங்க ஒன்றியம். கீழப்பட்டி தலைமை ஆசிரியர் சுடலையாண்டி சார் மகளக் கூட்டிட்டு வருவாரு, இன்மைன்னு அனுப்பினவருதான். சத்துணவு அமைப்பாளர் ஒருத்தர் வருவாரு, தலையில துண்டப் போட்டுக்கிட்டு. எஸ்தர் டீச்சர் மாசம் ஒருநாள் விடுப்பு எடுத்து அந்த ஏழாப்புப் பிள்ளையக் கூட்டிட்டு வருவாங்க. யாரும் யாரையும் பாக்க மாட்டோம். பாத்தாலும் தெரியாது. மறுநாள் சுடலையாண்டி சார் ஆபீஸுக்கு வந்து, மழையவே காணோமேன்னு பேசிட்டுப் போவாரு. அத நான் நாகரிகம்னுதான் சொல்லுவேன்.

நான் அந்தப் பெஞ்சுலயே உக்கார மாட்டேன். எதுத்தாப்புல கண் பிரிவு, அங்க உக்காந்துக்குவேன். யாரும் பாத்தா கண்ணாடி மாத்த வந்தேன்னு சொல்லிரலாம். துணைக்கு யாரு வந்திருக்கான்னு டாக்டரம்மா கேட்டா, யாரும் வரலைன்னு வடிவு சொல்லிருவா. நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கேன்.

என்ன சார், தூக்கம் வருதா? இல்லையா. வெள்ளரிப் பிஞ்சு வருது, வாங்குறீங்களா? வேண்டாமா. சரி.

பத்து நாளைக்கு முன்னால ரெண்டாவது சுற்றறிக்கை வந்துச்சு. இன்மை அனுப்பின ஒன்றியத்துல திருத்தின எண்ணிக்கை இருந்தா அனுப்பலாம், நாளைக்குச் சாயங்காலம் கடைசி. இத விட்டா மூணு வருஷத்துக்குக் கேக்க மாட்டாங்க. நான் என்ன செஞ்சேன்? ‘முன்னர் அனுப்பிய இன்மை அறிக்கையே உறுதி செய்யப்படுகிறது’ன்னு அடிச்சு, அதிகாரி கையெழுத்துக்கு மேசையில வெச்சுட்டு வந்திருக்கேன். திருத்தி அனுப்பினா முதல்ல அனுப்பினது பொய்யின்னு ஆகுதுல்ல? சான்றிதழ் வாங்கியிருக்கேன் சார்.

சுற்றறிக்கைய வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன், வடிவு படிச்சிருக்கா போல. நேத்து துணி மடிச்சுக்கிட்டே சொல்றா, ‘நாளைக்கு ஒரு தடவ வர்றேன். அதுதான் கடைசி. இனிமே அந்த பஸ்ல ஏற மாட்டேன்.’

‘அப்ப மாத்திரை?’

‘அதான் உங்க ஒன்றியத்துல யாருக்கும் தேவையில்லையே.’

நான் பயந்துட்டேன் சார். அந்த வெறுந்தண்ணி கொதிச்சுச்சே, அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதுல இருக்கு. அவ சொன்னாச் செய்வா. ஆனா அறிக்கைய மாத்துறேன்னு என் வாயில வரல.

இன்னைக்குக் காலையில வழக்கம்போல அவ அந்தப் பெஞ்சு, நான் இந்தப் பெஞ்சு. டாக்டரம்மா வர நேரமாச்சு. பத்தரை இருக்கும், வடிவு பையிலருந்து ஒரு நீளத் தாளும் பேனாவும் எடுத்தா. எந்திரிச்சு நின்னா. நடை பூரா எழுபது எம்பது பேரு. என்ன செய்யப் போறான்னு நான் முழிக்கிறேன்.

‘கருவேலம்பட்டி ஒன்றியத்துல இருந்து வந்தவங்க கை தூக்குங்க.’

சத்தம் போட்டுச் சொல்லல. வகுப்புல பேசுற குரல் அது. ஆறு வருஷமா அந்தக் குரல நான் கேக்கல. ஒருத்தரும் தூக்கல, எல்லாரும் தரையப் பாக்குறாங்க. எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. அவ நகரல. பிள்ளைங்க அடங்குற வரைக்கும் டீச்சருங்க பேசாம நிப்பாங்கள்ல, அப்படி நின்னா. பிறகு, சரி, நானே வர்றேன்னு பெஞ்சு பெஞ்சாப் போக ஆரம்பிச்சா.

‘சுடலையாண்டி சார், வணக்கம். நான் மேலத்தெருப் பள்ளியில இருந்த சண்முகவடிவு. நல்லா இருக்கீங்களா? பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?’

இருவது வருஷம் தலைமை ஆசிரியரா இருக்கிற மனுசன், வாய் கோணிக்கிச்சு. அத்தனை பேரு முன்னாலயும் அழுதுட்டாரு. துண்டுல மூஞ்சியத் தொடச்சுட்டு, ‘எழுதிக்கம்மா. வளர்மதி. பதினஞ்சு வயசு. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குறா, நாங்களும் தூங்கல’ன்னாரு. எஸ்தர் டீச்சர் தானாவே அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்தாங்க. ‘நாலுன்னுதான் அனுப்பினேன்மா, திருப்பி அனுப்பிட்டாங்க’ன்னாங்க. யாரு திருப்பினதுன்னு வடிவு கேக்கல. தலையில துண்டு போட்டிருந்தவரு துண்ட எடுத்தாரு. அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரா வந்து அவளச் சுத்தி நின்னுட்டாங்க. நர்ஸு வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சு.

அந்தப் பக்கம் முடிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தா. கண் பிரிவு. வரிசையாக் கேட்டுக்கிட்டே வர்றா. எனக்கு முன்னால நின்னா. பேனாவத் தாள் மேல வெச்சுக்கிட்டு என் மூஞ்சிய நேராப் பாத்து, ‘நீங்க எந்த ஊரு சார்?’ன்னு கேட்டா.

சார்னு கேட்டா. கல்யாணம் ஆகி இருபத்தோரு வருஷம்.

நான் சொல்லியிருக்கலாம். சுடலையாண்டி சார் பாத்துக்கிட்டிருக்காரு, எஸ்தர் டீச்சர் பாத்துக்கிட்டிருக்காங்க, ரெண்டு பேருக்கும் நான் யாருன்னு தெரியும். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? ‘நான் கண்ணுக்கு வந்தேன்.’

‘சரி சார்’னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டா.

அதான் இன்னைக்கு அவ பக்கத்துல ஆள் இருக்கு. அது எஸ்தர் டீச்சர், நடுவுல அந்தப் பிள்ளை. பஸ் ஏறி ஒண்ணே கால் மணி நேரமாச்சு, ஒரு தடவகூட அவ வாந்தி எடுக்கல, கவனிச்சீங்களா? பேசிக்கிட்டே வர்றா. என்ன பேசுறான்னு இங்க கேக்கல. கொஞ்சம் முன்னால சிரிச்சா. அவ சிரிப்புதான்னு எனக்கே கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

எனக்கு ஒரு மாதிரியா இருக்கு சார். என்னன்னு சொல்லத் தெரியல. ஆபீஸ்ல மூணு பேருகிட்டயும் தைராய்டுன்னு சொல்லிட்டேன், அதனால அவங்ககிட்ட மழை, வெயில் தவிர வேற பேச முடியல. மாடத்தியக்காவ வர வேண்டாம்னுட்டேன். வீட்டுல அவகிட்ட நானும், எங்கிட்ட அவளும் பேசி ரொம்ப நாளாச்சு. சாயங்காலம் காபியக் குடிச்சுட்டு ஒரே பேப்பர ரெண்டு தடவ படிப்பேன். இப்ப உங்ககிட்ட பேசுற மாதிரி ஒரு மனுசன்கிட்ட பேசி எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாக்குறேன். நீங்க மோட்டார் விக்க வந்தவரு, பாவம்.

என்னது அது, கை மாத்திக் கை மாத்தி வருது? அவ தாள்தான். பஸ்ல வர்ற நம்ம ஊர்க்காரங்களுக்கும் சுத்த விட்டிருக்கா. ஆஸ்பத்திரியில விட்டுப்போனவங்க எழுதுறதுக்கு. நாளைக்குக் காலையில அத எங்க ஆபீஸ்லதான் கொண்டாந்து கொடுக்கணும். உள்ள வர்ற தபாலுக்கு நம்பர் போடுறவன் நான்தான். மேசையில இருக்கிற இன்மை அறிக்கைய என்ன செய்யிறதுன்னு பாக்குறவனும் நான்தான்.

கொடுங்க சார், இங்க கொடுங்க. எழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி இருக்கு. பிள்ளைங்களுக்கு எழுதிப் போட்டுப் பழகின கை. வரிசை எண், பேரு, ஊரு, யாருக்கு. முதல் பேரே அவளோடது. ‘சண்முகவடிவு. மேலத்தெரு. எனக்கு.’ அப்பட்டமா எழுதி வெச்சிருக்கா. முப்பத்தொண்ணு ஆகியிருக்கு. ஆனா மேல பொருள்னு ஒரு வரி எழுதணும், எழுதல. தேதியும் போடல. தேதி போடாத மனுவ நாங்க வாங்க மாட்டோம். இருங்க, பொருளையும் தேதியையும் போட்டுர்றேன். ம். இப்ப சரி.

நீங்க ஏன் சார் என்னையே பாக்குறீங்க? அவதான் முதல்லயே இருக்காளே. அவளுக்காக நானும் எழுதினா ஒரே ஆள் ரெண்டு தடவ வந்ததா ஆயிரும். தள்ளுபடி பண்ணிருவாங்க. எனக்கு விதி தெரியும்.

பேனா எங்க, கையிலதான் இருக்கு. முப்பத்திரண்டு. ஆவுடையப்பன். மேலத்தெரு. இந்த ‘யாருக்கு’ங்குற கட்டத்த வெறுமனே விடக் கூடாது சார், விட்டாத் திருப்பி அனுப்பிருவாங்க.

எழுதிட்டேன். எனக்குன்னுதான் எழுதியிருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா எண்ணிக்கைக்காகப் போட்டது. முப்பத்தொண்ணுக்கு முப்பத்திரண்டு பாக்க நல்லா இருக்கும்ல. மை கொஞ்சம் பரவிருச்சு, கை வேர்வை. பரவால்ல, படிக்க முடியுது. முன்னால கொடுத்து விடுங்க சார்.

வடக்கூர் வந்துருச்சு. எஸ்தர் டீச்சர் இறங்குறாங்க. அந்தப் பிள்ளை படியில நின்னு வடிவுக்குக் கை காட்டிட்டு இறங்குது பாருங்க. வாயில ஏதோ சொன்ன மாதிரிகூட இருந்துச்சு. இருக்காது. தாள் அவ கைக்குப் போயிருச்சு. பைய எடுத்துக் காலியான சீட்டுல வெச்சுட்டு வாசிக்கிறா. மேலருந்து வாசிக்கிறா, அவ எதையும் பாதியில ஆரம்பிக்க மாட்டா. பொருள்னு நான் எழுதினத வாசிக்கிறா. இப்ப கடைசி வரிக்கு வந்திருப்பா.

இவ்வளவு நேரமா ஒரு வரிய வாசிக்கிறது?

திரும்பிப் பாக்கல. பாக்க மாட்டா. பைய எடுக்குறா. எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. பக்கத்து சீட்டு காலியாக் கெடக்கு.

அது பொம்பளைங்க சீட்டு சார். கண்டக்டர் சத்தம் போடுவான். ஊரு வர இன்னும் இருவது நிமிஷம், சுடலையாண்டி சார் வேற பின்னால மகளோட உக்காந்திருக்காரு. எல்லாரும் பாப்பாங்க. பாக்கட்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார், நான் முன்னால போறேன்.